ஓய்வுக்கால விசா: உங்கள் மனைவியின் பெயரில் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 56. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். பென்ஷன் மாதம் சுமார் 1,700 அமெரிக்க டாலருக்குச் சமமாக வரும். ஓரளவு சேமிப்பும் இருக்கிறது. வெளிநாட்டில் கடலோரமாக ஓர் ஊரில் மிச்சக் காலத்தைக் கழிக்க நினைக்கிறோம். தாய்லாந்து, போர்ச்சுகல், பனாமா என்று மூன்று நாடுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். அவ்வப்போது இணையத்தில் கொஞ்சம் கணக்கு வேலையும் பார்ப்பேன். எங்கள் ஏஜென்ட், "முதலில் டூரிஸ்ட் விசாவில் போய் இறங்குங்கள், மற்றதை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். மனைவிக்குத் தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, ஏஜென்ட் சொன்னதிலிருந்தே ஆரம்பிப்போம். அவசரமாகத் தீர்க்க வேண்டியது அதுதான்.

அவர் சொல்வது ஒரு நாட்டுக்குச் சரி, இன்னொரு நாட்டுக்குத் தப்பு. பனாமாவில் பென்ஷன்தாரர் விசாவுக்கு, சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்கிய பிறகு அங்குள்ள வழக்கறிஞர் மூலம் விண்ணப்பிப்பதுதான் வழக்கமான முறை. தாய்லாந்திலும் சுற்றுலாவாகப் போனவர் உள்ளேயே ஓய்வுக்கால அனுமதிக்கு மாற வழி உண்டு. போர்ச்சுகல் அப்படி அல்ல. அங்கே டி7 என்ற விசாவை, நீங்கள் இப்போது வசிக்கும் நாட்டிலுள்ள தூதரகத்தின் வழியாக வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஸ்பெயினும் அப்படித்தான். சும்மா போய் இறங்கினால், ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத போர்ச்சுகல், ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் இருக்கலாம். ஒருநாள் எல்லை தாண்டிப் போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். தொடங்காது. இன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளில் எத்தனை நாள் உள்ளே இருந்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து இதைக் கணினியில் பதிவு செய்யும் முறையும் வந்துவிட்டது. ஆகவே ஏஜென்டிடம் "எந்த நாட்டுக்கு, எந்த விசா, எந்த விதியின் கீழ் மாற்றலாம்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் அதைத் தூதரகத்தின் சொந்த இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் வருமானம். அங்கே போய் எப்படி வாழ்வது என்பது வேறு கணக்கு, விசா கேட்கும் கணக்கு வேறு. பனாமா மாதம் 1,000 டாலர் பென்ஷன் கேட்கிறது, உடன் வரும் துணைக்கு 250 சேர்த்து 1,250. உங்களுக்குப் போதும். ஆனால் அது ஆயுள் முழுக்க வரும் பென்ஷனாக இருக்க வேண்டும், சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பணம் அந்தக் கணக்கில் வராது. தாய்லாந்தில் 50 வயது நிறைந்தவர், அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு 8 லட்சம் என்று காட்டவும் வழி உண்டு. உங்கள் பென்ஷன் மட்டும் 65,000 பாட்டைத் தொடாது. சேமிப்பைக் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

போர்ச்சுகலில்தான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். டி7 விசாவின் வருமான வரம்பு அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தோடு கட்டப்பட்டது. முதல் ஆளுக்கு அந்த ஊதியம் முழுதாக, துணைக்கு அதில் பாதி. 2019-இல் அந்த ஊதியம் 600 யூரோ. 2025-இல் 870. அதாவது 2025 கணக்குப்படி உங்கள் இருவருக்கும் 1,305 யூரோ தேவை, இன்று உங்கள் பென்ஷன் அதைத் தாண்டிவிடும். ஆனால் ஆறே ஆண்டில் வரம்பு 45 சதவீதம் ஏறியிருக்கிறது. உங்கள் பென்ஷன் அந்த வேகத்தில் ஏறுமா? பென்ஷன் வரும் நாணயத்தின் மதிப்பு யூரோவுக்கு எதிராகச் சரிந்தால்? முதல் அனுமதி 2 ஆண்டு, அடுத்தது 3 ஆண்டு. புதுப்பிக்கும்போது மறுபடியும் வருமானத்தைக் காட்ட வேண்டும். 61 வயதில் எளிதாகத் தாண்டிய வரம்பை 66 வயதில் தாண்ட முடியாமல் போகக்கூடும்.

நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் மனதில் பட்டது இதுதான். உங்கள் கடிதம் முழுக்க உள்ளே போவதைப் பற்றி இருக்கிறது. எனக்குக் கவலை, அதற்குப் பிறகு வரும் இருபது ஆண்டுகளைப் பற்றி.

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓய்வுக்கால அனுமதியை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 8 லட்சம் பாட் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும், அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரை தொடக் கூடாது, மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. புதுப்பிக்கும் நாளன்று காலையில் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் அன்றைய தேதிக்கு வரவு வைத்து, வங்கியிடம் ஒரு கடிதம் வாங்கி, பாஸ்புக் நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, படிவத்தோடும் 1,900 பாட்டோடும் குடிவரவு அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும். இது போக 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். நடுவில் பேரப்பிள்ளையைப் பார்க்க வெளியே போகிறீர்களா? திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்க வேண்டும். மறந்துவிட்டு விமானம் ஏறினால் அந்த ஆண்டின் அனுமதி அங்கேயே ரத்து. திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விசாவில் இருக்கும் தேதி வேறு, "இதுவரை தங்கலாம்" என்று பாஸ்போர்ட் முத்திரையில் இருக்கும் தேதி வேறு. அபராதம் கட்டுகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்.

இதெல்லாம் 61 வயதில் பெரிய விஷயமே இல்லை. 81 வயதில், முழங்கால் வலியோடு, யார் செய்வார்கள்? அதை இப்போதே யோசிக்கச் சொல்கிறேன். அந்த வகையில் பனாமா விசாவுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலை இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் மனைவியின் விசா என்னவாகும்?

பெரும்பாலான நாடுகளில் துணைக்குக் கிடைப்பது, முதன்மை விண்ணப்பதாரரைச் சார்ந்த அனுமதி. அவர் போய்விட்டால் அந்த அனுமதியின் அடிப்படையும் போய்விடும். சில நாடுகள் அவகாசம் தரும், சில தராது. பென்ஷனையும் பாருங்கள். பல பென்ஷன் திட்டங்களில் கணவருக்குப் பிறகு மனைவிக்குப் பாதிதான் வரும். உங்களுக்கும் அப்படியென்றால் 850 டாலர். பனாமாவின் 1,000 டாலர் வரம்பை அது எட்டாது. தாய்லாந்தில் விசாவுக்கான பணம் உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால், நீங்கள் மறைந்ததும் அந்தக் கணக்கு வாரிசுரிமை முடிவாகும் வரை முடக்கப்படும். துக்கத்தில் இருக்கும் ஒருவர், மொழி தெரியாத ஊரில், கையில் பணமில்லாமல், அனுமதியும் முடிந்துபோய் நிற்க வேண்டிவரும். உங்கள் மனைவி தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் இதை வாய்விட்டுச் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

அதிர்ஷ்டவசமாக உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மனைவிக்கும் 50 தாண்டிவிட்டது. தாய்லாந்து என்று முடிவானால், சேமிப்பு இடம் கொடுத்தால், இருவரும் தனித்தனியாக, தங்கள் தங்கள் பெயரில் கணக்கு வைத்து, தனித்தனி அனுமதி வாங்குங்கள். செலவு கூடும், முடக்க வேண்டிய பணமும் கூடும். ஆனாலும் இதற்கு ஆகும் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். எந்த நாடாக இருந்தாலும், வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். விசா தொடர்பான கோப்பு, படிவம், தேதி எல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தாய்லாந்துக்கு, கிளம்பும் முன்பே தூதரகத்தில் வாங்கும் ஓ-ஏ என்ற ஓய்வுக்கால விசா வகைக்கு 1 லட்சம் டாலர், அதாவது 30 லட்சம் பாட் அளவுக்குக் காப்பீடு கட்டாயம். ஓ வகையில் உள்ளேயே நீட்டிப்பவருக்கு அது கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் தேவையில்லை என்று ஆகாது. பல நிறுவனங்கள் 70, 75 வயதுக்கு மேல் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் அதை விலக்கிவிட்டுத்தான் பாலிசி தருவார்கள். இப்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கலாம் என்று எழுத்தில் உறுதி தரும் பாலிசியைத் தேடுங்கள்.

அந்தக் கணக்கு வேலை... தாய்லாந்தின் ஓய்வுக்கால அனுமதியில் வேலை செய்யத் தடை. வேலை செய்யாமல் வாழ்பவர்களுக்கான ஸ்பெயின் விசாவில் இணையவழி வேலைக்கும் இடமில்லை. வீட்டில் உட்கார்ந்து செய்வதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். வங்கிக் கணக்கில் வரும் பணம் புதுப்பிக்கும்போது கேள்வியாகத் திரும்பி வரும். அந்த வருமானத்தை விசாக் கணக்கில் சேர்க்காமல் திட்டமிடுங்கள். விட்டுவிட முடிந்தால் விட்டுவிடுங்கள்.

வரி என்பது விசாவுக்குச் சம்பந்தமில்லாத தனி அலுவலகம், தனி விதி. தாய்லாந்தில் ஆண்டுக்கு 180 நாள், போர்ச்சுகலில் 183 நாளுக்கு மேல் இருந்தால் வரிக் கண்ணோட்டத்தில் நீங்கள் அந்த நாட்டுக்காரர். வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி என்ற விதியை 2024 ஜனவரியிலிருந்து தாய்லாந்து இறுக்கியிருக்கிறது. போர்ச்சுகல் பென்ஷன்தாரர்களை ஈர்த்து வந்த வரிச்சலுகையை அதே 2024-லிருந்து புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. பனாமா வெளிநாட்டு பென்ஷனுக்கு வரி போடுவதில்லை. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமல் தடுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை, ஏஜென்டிடம் கேட்காமல், வரி தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

விதிகள் மாறும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மலேசியா 2002-இல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில், மாத வருமான வரம்பை 2021-இல் 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டுக்கு ஒரே தாவாகத் தாவவிட்டது. 2024-இல் மறுபடி மாற்றி, வைப்புத்தொகை அடிப்படையிலான படிநிலைகள் கொண்டுவந்தது. பிரிட்டன் தன் ஓய்வுபெற்றோர் விசாவை 2008-இலும், ஆஸ்திரேலியா முதலீட்டாளர் ஓய்வு விசாவை 2018-இலும் புதியவர்களுக்கு மூடிவிட்டன. இதனால்தான் முதல் இரண்டு ஆண்டுக்கு வீடு வாங்காதீர்கள் என்கிறேன். வாடகைக்கு இருங்கள். இங்குள்ள வீட்டையும் விற்காதீர்கள்.

ஆவணங்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பென்ஷன் உத்தரவு மூன்றிலும் இருவர் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்த மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகுதான் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை, மொழிபெயர்ப்பு எல்லாம். போலீஸ் நற்சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள், சில மாதங்களுக்குத்தான் செல்லும்.

அப்புறம், உங்கள் கணக்கில் நாங்களே பணம் போட்டுக் காட்டிவிடுகிறோம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் என்று தெரிந்தால் நாட்டை விட்டு அனுப்பப்படப் போவதும் மறுநுழைவுக்குத் தடை வாங்கப் போவதும் நீங்கள்தான், அவர் அல்ல.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் வருமானத்துக்கும் வயதுக்கும் பனாமாவும் தாய்லாந்தும் முன்னால் நிற்கின்றன, போர்ச்சுகல் கொஞ்சம் பின்னால். பனாமாவின் சிக்கல் மனைவியின் பாதிப் பென்ஷன், தாய்லாந்தின் சிக்கல் ஆண்டுதோறும் புதுப்பித்தல். எதை உங்களால் சரிசெய்ய முடியும் என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஓய்வு பெற்றதும் அந்த ஊரில் மூன்று மாதம், அதுவும் மழையோ வெயிலோ கடுமையாக இருக்கும் பருவத்தில், சுற்றுலாப் பயணிகளாகவே இருந்து பாருங்கள். அதற்கு டூரிஸ்ட் விசாவே போதும், அதில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே உங்கள் பென்ஷன் அலுவலகத்துக்கு எழுதி நான்கு விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்தப் பென்ஷன் ஆயுள் முழுக்க வருமா, எனக்குப் பிறகு மனைவிக்கு மாதம் எவ்வளவு வரும், வெளிநாட்டில் வசித்தால் அது தடைபடுமா, வாழ்நாள் சான்றிதழை எங்கிருந்து எப்படித் தர வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு, மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஏஜென்டைக் கூப்பிடுங்கள்.