ஆபீஸ் மேசை, நாற்காலி, வெளிச்சம்: கேள்வி பதில்

கோவையில் அலுவலக உள்வேலை எடுத்துச் செய்கிறவன் நான். மேசை, தடுப்பு, அலமாரி, லைட் என்று எல்லாமே. கேட்டிருந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இனிமேல் கேட்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறையின் நீள அகலத்தோடு உட்காரப்போகிறவரின் உயரத்தையும் எழுதுங்கள். அது தெரியாமல் பதில் சொல்வது கஷ்டம்.

கேள்வி (ஈரோடு): அண்ணா, வீட்டிலிருந்துதான் வேலை. நல்ல நாற்காலியாகப் பார்த்து 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனாலும் சாயங்காலம் ஆனால் தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. நாற்காலியை மாற்றலாமா? என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

நாற்காலியை விடுங்கம்மா, மேசையை அளந்து பாருங்கள். கடையில் விற்கிற மேசை பெரும்பாலும் 29, 30 அங்குல உயரம்தான். நல்ல உயரமான ஆளுக்கு அது சரி. நீங்கள் பாதம் தரையில் படிய உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்கினால் கை ஏறக்குறைய 24, 25 அங்குலத்தில் நிற்கும். மேசை அதைவிட ஐந்து அங்குலம் மேலே இருக்கிறது. அந்த ஐந்து அங்குலத்துக்கு நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டைப் செய்கிறீர்கள். எவ்வளவு விலை கொடுத்த நாற்காலியும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வழி மூன்று. மேசை உங்களுக்கு மட்டும்தான் என்றால் காலை வெட்டிவிடுங்கள். இரும்புக் கால் என்றால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் அரை மணி நேர வேலை, மரக்கால் என்றால் ஆசாரி. உட்கார்ந்து அளந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள், அதுவும் முதலில் மூன்று அங்குலம் மட்டும். நாலு நாள் வேலை செய்து பார்த்துவிட்டு மிச்சத்தை எடுக்கலாம். வீட்டுக்காரரும் அதே மேசையில் உட்காருவார் என்றால் வெட்ட வேண்டாம். நாற்காலியை மேலே ஏற்றிக்கொண்டு, கால் தொங்காமல் இருக்க நாலைந்து அங்குல உயரத்தில் சரிவான பலகை ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வழி, மேசைக்கு அடியில் கீபோர்டு தட்டு மாட்டுவது. மூன்று அங்குலம் இறங்கும். ஆனால் தொடை இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள், பல தட்டுகள் அந்த ஒரு காரணத்துக்காகவே கழற்றி வைக்கப்படுகின்றன.

கேள்வி (திருச்சி): லேப்டாப் மட்டும்தான் வைத்திருக்கிறேன். தனி மானிட்டர் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வையுங்கள். ஆனால் அப்படி ஏற்றினால் தனி கீபோர்டும் மவுஸும் கட்டாயம். ஏற்றிய லேப்டாப்பிலேயே கை வைத்து டைப் செய்தால் கழுத்து வலி போய் மணிக்கட்டு வலி வரும். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி (சென்னை): சார், எங்கள் அலுவலகத்துக்குப் பன்னிரண்டு நாற்காலி வேண்டும். ரெக்ஸின் போட்ட பெரிய பாஸ் சேர் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. வலைத்துணி போட்ட மெஷ் நாற்காலி நல்லதா? 'பிஃப்மா' என்று ஒட்டியிருக்கிறார்களே, அது என்ன?

சென்னைக்கு மெஷ். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ரெக்ஸின், 'பியு லெதர்' என்று விற்பதெல்லாம் துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக் பூச்சு. காற்றின் ஈரமும் உடம்பின் வேர்வையும் சேர்ந்து அந்தப் பூச்சைச் சிதைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் கைப்பிடியிலும் தலைமாட்டிலும் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்ட ஆரம்பிக்கும். நம் அரசு அலுவலகங்களில் அதிகாரியின் நாற்காலியில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருப்பார்களே, அதை எல்லோரும் அந்தஸ்து என்று நினைக்கிறார்கள். இந்த வெயிலில் அது வேர்வைக்குப் போட்ட துண்டு என்றுதான் எனக்குத் தோன்றும்.

முதுகு மெஷ்ஷாக இருக்கட்டும், உட்காரும் இடம் நல்ல ஃபோமாக இருக்கட்டும். உட்காரும் இடமும் மெஷ்ஷாக இருந்து விலையும் மலிவாக இருந்தால், சீக்கிரமே தொய்ந்து முன்பக்கச் சட்டம் தொடையை அழுத்தும். வெட்டி ஒட்டிய ஃபோமா, அச்சில் வார்த்த ஃபோமா என்று கேளுங்கள். வார்த்ததுதான் நாளானாலும் அமுங்கிப்போகாது.

பிஃப்மா என்பது அமெரிக்க அறைகலன் உற்பத்தியாளர்களின் சங்கம். நாற்காலிக்கு அவர்கள் வைத்திருக்கும் சோதனை முறைக்கு எக்ஸ் 5.1 என்று பெயர். உட்காரும் இடத்தில் எடையை ஒரு லட்சம் முறை போட்டுப் பார்ப்பது, பின்சாய்வை இழுத்துப் பார்ப்பது என்று போகும். அந்தச் சோதனை மாடலுக்கு மாடல் தனித்தனியாக நடப்பது. அதனால் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காமல், 'இந்த மாடலின் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுங்கள்' என்று கேளுங்கள். பன்னிரண்டு நாற்காலி வாங்குகிறவருக்குக் காட்டத்தான் வேண்டும். இன்னொன்று, அந்தச் சோதனை நாற்காலி உடையாது என்று சொல்லுமே தவிர உங்கள் ஆட்களுக்குப் பொருந்தும் என்று சொல்லாது.

பொருத்தத்தை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முதுகை முழுக்கச் சாய்த்து உட்கார்ந்தால், முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். போகவில்லையா, இருக்கை உங்களுக்கு நீளம் அதிகம், நுனியில் உட்கார்ந்தே காலம் தள்ளுவீர்கள். அலுவலகத்தில் குட்டையானவர், நெட்டையானவர் இருவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் மேசையிலிருந்து ஒரு அடி தள்ளி உட்கார்ந்து குனிவதுதான் நடக்கும். அப்புறம் சக்கரம். பெரும்பாலும் கெட்டி நைலான் சக்கரம் போட்டு வருகிறது. அது கார்ப்பெட் தரைக்கானது. நம் டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும், சத்தமும் போடும். ரப்பர் மாதிரி மெத்தென்ற பியு சக்கரம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை): காலி செய்த ஐடி கம்பெனி நாற்காலிகள் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. வாங்கலாமா தம்பி?

தாராளமாக வாங்குங்கள் ஐயா. புதிய மலிவு நாற்காலியைவிடப் பழைய தரமான நாற்காலி எவ்வளவோ மேல். உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், இருக்கையை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் குழாய் மெதுவாக இறங்கினால் அதன் கேஸ் போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து ஐந்து கால் அடிப்பாகத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மெஷ் நாற்காலி மோகத்தை ஆரம்பித்து வைத்த ஹெர்மன் மில்லரின் ஏரான், 1994-ல் வந்தது, பழைய சந்தையில் அவ்வப்போது தலைகாட்டும். அது ஏ, பி, சி என்று மூன்று அளவில் வரும். முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்பில் பின்பக்கம் தடவினால் சிறு புள்ளிகள் தட்டுப்படும். ஒன்று என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி. மூன்று புள்ளி நாற்காலி நம்மில் பெரும்பாலானோருக்குத் தொட்டில்தான்.

கேள்வி (சென்னை): வாஸ்துப்படி கிழக்கு பார்த்து உட்காரச் சொல்கிறார்கள். எதிரே ஜன்னல். காலையில் கண் கூசுகிறது. வடக்குப் பக்க ஜன்னலுக்கு மாறலாமா? எத்தனை லைட் போட வேண்டும்?

வாஸ்துவில் நான் தலையிடுவதில்லை, அதற்குள்ளேயே வழி இருக்கிறது. ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரை பளபளக்கும். பக்கவாட்டில் இருப்பதுதான் உத்தமம். கிழக்கு பார்த்தே உட்காருங்கள், வடக்கு ஜன்னல் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி மேசையைப் போடுங்கள். எதிர் ஜன்னலுக்கு ஒரு பிளைண்ட், பத்து மணி வரை இறக்கி வைத்தால் போதும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் சாய்வாக வெயில் படும். மெல்லிய திரை ஒன்று அங்கேயும் வேண்டும்.

லைட் விஷயம்: மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 36 வாட் எல்இடி பேனல் இரண்டு போதும். கடையில் கேட்காமலே 6500 கெல்வின் வெள்ளையைக் கட்டிக் கொடுப்பார்கள். அது நீலம் கலந்த வெள்ளை. லேசாக மஞ்சள் கலந்த 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். திரைக்கு நேர் பின்னால், தலைக்கு நேர் மேலே என்று போடாமல் பக்கவாட்டில் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): அண்ணே, ஆடிட்டர் ஆபீஸ். பத்துக்குப் பன்னிரண்டு அறை, கதவு குட்டைச் சுவரில். நான், உதவியாளர் இருவர், ஆர்டிகிள் பையன் (சிஏ பயிற்சி மாணவர்) ஒருவர். ஃபைல் வேறு மலைபோலக் கிடக்கிறது. நடுவில் ஒரு பெரிய மேசை போட்டு நாலு பேரும் சுற்றி உட்காரலாமா?

நடு மேசை வேண்டாம் தம்பி. நாலு பேருக்கான மேசை எட்டுக்கு நாலு அடி. பத்தடி அகலத்தில் நாலு போனால் இரண்டு பக்கமும் மும்மூன்று அடிதான் மிச்சம், அதில் நாற்காலி மட்டும் நிற்கும். ஃபைலை எங்கே வைப்பீர்கள்?

நீளச் சுவர் இரண்டிலும், நாலுக்கு இரண்டு அடியில் இரண்டிரண்டு மேசை, சுவரைப் பார்த்த மாதிரி போடுங்கள். நடுவில் ஆறடி கிடைக்கும். முதுகுக்கு முதுகு நாற்காலி போட்டாலும் ஒருவர் எழுந்து போக இன்னொருவர் கொஞ்சம் ஒதுங்கினால் போதும். ஒவ்வொரு சுவரிலும் நாலு அடி மிஞ்சும். ஒரு பக்க நாலடியில் தரையிலிருந்து மேல்வரை ஃபைல் ரேக். மறுபக்க நாலடி உங்கள் மேசையை ஒட்டி வரட்டும், அங்கே கட்சிக்காரருக்கு ஒரு நாற்காலி. எதிரெதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்தால் ரிட்டர்னை இருவரும் ஒரே திரையில் பார்க்கலாம்.

ரேக் செய்யும்போது தட்டுக்குத் தட்டு 15 அங்குலம் விடுங்கள், அப்போதுதான் பாக்ஸ் ஃபைல் நிமிர்ந்து நிற்கும். ஆழம் 13 அங்குலம் போதும். ஆழம் கூட விட்டால் முன்னால் இன்னொரு வரிசை முளைத்துவிடும், பின்வரிசையை யாரும் தேட மாட்டார்கள். காகிதம் கனம் அதிகம். முக்கால் அங்குலப் பலகையில் இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விட்டால் நடுவில் தொய்யும்.

கேள்வி (திருப்பூர்): பிளைவுட்டா, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டா? தரைத்தளம், கரையான் தொல்லை உண்டு.

தரைத்தளத்தில் மரமே தரையைத் தொட வேண்டாம். இரும்புச் சட்டத்தில் கால், மேலே பலகை. மேசைப்பலகைக்கு 25 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு போதும், ஆனால் நாலு ஓரமும் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டியிருக்க வேண்டும், வயர் போகப் போட்ட ஓட்டையின் உள்பக்கமும் சேர்த்து. தண்ணீர் அங்கேதான் நுழைந்து உப்பவைக்கும். தரையோடு நிற்கும் அலமாரிக்கு மட்டும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட், அதாவது மரைன் பிளைவுட். மாப் போடும் ஈரத்தை அது தாங்கும். கரையான் மருந்து தனியாக அடிக்கத்தான் வேண்டும்.

கேள்வி (கும்பகோணம்): ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். விற்பனைப் பெண்களுக்கு இருக்கை கொடுக்கச் சட்டம் இருக்கிறதாமே? இடமே இல்லாத இடத்தில் எதைப் போடுவது?

இருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் சாரம்.

பேருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை மூலையில் போட்டு வைக்காதீர்கள், யாரும் உட்கார மாட்டார்கள். தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தால் கவுன்டர் மறைத்துவிடும், ஆள் வந்தது தெரியாது, எழுவதும் சிரமம். கவுன்டர் 36 அங்குலம் என்றால் 25, 26 அங்குல உயர ஸ்டூல், கால் வைக்க நடுவில் ஒரு வளையம். உட்கார்ந்தபடியே வாடிக்கையாளரின் முகம் பார்த்துப் பேசலாம். வேலை இல்லாதபோது கவுன்டருக்கு அடியில் தள்ளிவிட, கவுன்டர் செய்யும்போதே பதினைந்து அங்குல அகலத்தில் ஒரு பொந்து விடச் சொல்லுங்கள். பழைய பட்டுக்கடைகளில் விற்கிறவரும் வாங்குகிறவரும் மெத்தையில் உட்கார்ந்தே வியாபாரம் செய்தார்கள். நின்றுகொண்டே விற்பது பிறகு வந்த பழக்கம்தான்.

கேள்வி (கோவை): மோட்டார் வைத்து ஏறி இறங்கும் மேசை வாங்கட்டுமா?

எவ்வளவு தாழ இறங்கும் என்று முதலில் கேளுங்கள். எல்லோரும் எவ்வளவு உயரம் ஏறும் என்றுதான் கேட்கிறார்கள். சில மாடல்கள் 28 அங்குலத்துக்குக் கீழே வராது. நீங்கள் ஐந்தடி நாலு அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 26-க்காவது இறங்க வேண்டும். அப்படி இறங்குகிற மாடல் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.