ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோயாளிகளை இறுதி நாட்களில் பராமரிக்கும் இல்லம்; அதன் அறையை வடிவமைக்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வரைபடம் போடும் முன்பே கட்டிலில் தலை வரும் இடத்தைக் குறித்துவிடுங்கள். இங்கே தங்குபவர் பெரும்பாலும் படுத்தே இருப்பார். நிற்பவரின் கண்மட்டத்துக்கு வரைந்த அறை அவருக்கு உதவாது. சன்னலின் அடிமட்டம் 90 செ.மீ. இருந்தால் அவருக்குப் பெரும்பாலும் வானம்தான் தெரியும். 45 முதல் 60 செ.மீ.க்குள் வைத்தால் செடிகளும் நடந்துபோகிறவர்களும் கண்ணில் படுவார்கள். கூரை நடுவில் விளக்கு வேண்டவே வேண்டாம், நேராகக் கண்ணில் அடிக்கும். சுவரிலிருந்து மேல்நோக்கி ஒளிவிடும், இதமான மஞ்சள் நிற (2700 கெல்வின்) விளக்கு போதும். பரிசோதனைக்குத் தனி விளக்கு, தனி சுவிட்ச்.

கட்டிலோடு தோட்டத்துக்குப் போக 120 செ.மீ. திறப்பும் படியில்லாத வாசலும் தேவை. வெளியே கட்டிலைத் திருப்ப இடம் விடாவிட்டால் அந்தக் கதவு பூட்டியேதான் கிடக்கும்.

அடுத்தது சத்தம். இரவில் வார்டுக்குள் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சுவர் எவ்வளவு கனமானாலும், கதவடி இடைவெளியும் இரு அறைகளுக்குப் பொதுவான ஏசி குழாயும் பேச்சைக் கடத்திவிடும். பக்கத்து அறைக்குக் கேட்குமே என்று குடும்பத்தார் அழுகையைக்கூட அடக்கிக்கொள்வார்கள். அது கொடுமை. கதவடிக்கு ரப்பர் பட்டை, ஒவ்வொரு அறைக்கும் தனிக் குழாய் என்று ஆரம்பத்திலேயே திட்டமிடுங்கள்.

இறந்தவரின் உடலை எடுத்துச்செல்லும் வழியைக் குப்பை வெளியேறும் வழியோடு சேர்க்காதீர்கள்.