டொராண்டோ மேடைக்குப் போகும் ஜமாப் குழு: "உறவினர் வீட்டு விசேஷம்" என்று ஏன் எழுத வேண்டும்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் ஜமாப் (கொங்கு நாட்டு மேள இசை), பம்பை, பெருஞ்சலங்கை ஆட்டம் கற்றுத்தரும் வாத்தியார் நான். குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம். வரும் கோடையில் கனடாவின் டொராண்டோ நகரத்தில் நடக்கும் தெற்காசிய, உலக இசை நிகழ்ச்சிகளில் மூன்று மேடைகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. விமானச் செலவும் தங்கும் இடமும் அழைப்பவர்களுடையது. ஈரோட்டில் ஒருவர், "கலைஞர்கள் என்று எழுதினால் ஒர்க் பர்மிட் கேட்பார்கள், அது கிடைக்காது, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போவதாக எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லி, ஆளுக்கு 2,75,000 ரூபாய் பேசுகிறார். முன்பணமாக 50,000 ரூபாயும் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கேட்கிறார். கொடுக்கலாமுங்களா?

பதில்: கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட்டுகள் ஏற்கெனவே அவர் கையில் இருந்தால், இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன் போய் வாங்கி வந்துவிடுங்கள். பாஸ்போர்ட் என்பது இந்திய அரசின் சொத்து. அதை அடகுப் பொருள் போலப் பீரோவில் பூட்டி வைக்க எந்தத் தரகருக்கும் உரிமை கிடையாது.

உங்களுடைய கவலை ஒர்க் பர்மிட் பற்றியது என்பதால் அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். வெளிநாட்டைச் சேர்ந்த கலைக்குழு ஒன்று, குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் மேடை நிகழ்ச்சி நடத்தப் போகிறது, அழைத்தவரிடம் சம்பளத்துக்கு வேலைக்குச் சேரவில்லை என்றால், அந்தக் குழுவுக்குக் கனடாவில் ஒர்க் பர்மிட் தேவையில்லை. அந்நாட்டுக் குடிவரவு விதிகளின் 186ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. நிகழ்ச்சிக்கு இன்றியமையாத உதவியாளரும் இதில் அடங்குவார். ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது சாதாரண பார்வையாளர் விசாதான். தரகரும் அதே விசாவைத்தான் வாங்கித் தரப் போகிறார். வேறுபாடு ஒன்றே ஒன்று: நீங்கள் விண்ணப்பத்தில் "இசை நிகழ்ச்சி நடத்தப் போகிறோம்" என்று எழுதுவீர்கள்; அவர் "விசேஷத்துக்குப் போகிறோம்" என்று எழுதுவார். அந்த ஒரு வரிப் பொய்க்குத்தான் ஒன்பது பேரிடமும் சேர்த்து 24,75,000 ரூபாய் கேட்கிறார்.

அந்தப் பொய்யின் உண்மையான விலை அதைவிடப் பெரியது. விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக முடிவானால், கனடாவின் குடிவரவுச் சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தடை விழும். அந்தத் தடை தரகர் மேல் விழாது, கையெழுத்திட்டவர் மேல்தான் விழும். பிறகு வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், "இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி உங்களுடன் கூடவே வரும். உங்கள் குழுவின் பெயர் அந்த நகரத்து நிகழ்ச்சி நிரலில் அச்சாகி, இணையத்திலும் கிடக்கும்போது, பெட்டியில் பம்பையையும் சலங்கையையும் வைத்துக்கொண்டு "தங்கச்சி மகளுக்குச் சீர் செய்ய வந்தோம்" என்று விமான நிலைய அதிகாரியிடம் சொல்வது எவ்வளவு நேரம் செல்லுபடியாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் அறியாமல் சிக்குகிறார்கள். மேலே சொன்ன சலுகை, முதன்மையாகத் திரைப்படத்துக்காகவோ தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்புக்காகவோ நடத்தப்படும் நிகழ்ச்சிக்குக் கிடையாது. மக்கள் கூடிய மேடையில் நீங்கள் அடிக்கிறீர்கள், அதை ஓரமாக நின்று ஒரு சேனல்காரர் படம் பிடிக்கிறார் என்றால், அது மேடை நிகழ்ச்சிதான். ஆனால் மறுநாள் காலையில் ஒருவர் வந்து, "அண்ணா, எங்கள் ஸ்டூடியோவில் பத்து நிமிடம் அடித்துக் கொடுங்கள், பொங்கலுக்கு ஒளிபரப்ப வேண்டும், 500 டாலர் தருகிறோம்" என்று அழைத்தால், அங்கே பார்வையாளர் கிடையாது, கேமராதான் பார்வையாளர். அது வேறு கணக்கு. அழைத்தவர் ஊர்க்காரராக இருக்கலாம், உங்கள் வட்டத்தைச் சேர்ந்தவராகவே இருக்கலாம், காசு வேண்டாம் அன்புக்காக என்றுகூடச் சொல்லலாம். அப்போதும் போக வேண்டாம். உட்கார்ந்து பேட்டி கொடுங்கள், குழுவின் வரலாற்றைச் சொல்லுங்கள், வாத்தியத்தைத் தூக்கிக் காட்டுங்கள். தனியாகப் படப்பிடிப்புக்கென்று அடிக்காதீர்கள். கோயில் விழா, கல்யாண வீடு என்று இடையில் வரும் அழைப்புகளையும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஒப்புக்கொள்வது வேண்டாம். இதை நான் சொல்லும்போதெல்லாம் குழுத் தலைவர்கள் தலையாட்டுகிறார்கள். போன இடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து செலவு. பார்வையாளர் விசாவுக்கு ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகையும் புகைப்படமும் எடுப்பதற்கு 85 டாலர், மொத்தம் 185 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 12,000 ரூபாய். கைரேகை ஒருமுறை கொடுத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், குழுவில் யாராவது முன்பே கொடுத்திருந்தால் அதுவும் மிச்சம். இதற்கு மேல், விண்ணப்ப மையத்தில் சிறிய சேவைக் கட்டணம், சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒன்பது பேரும் போய்வரும் ரயில் செலவு, தமிழ் ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு ஆகியவை சேரும். விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே, அல்லது படித்த பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யலாம். கூலி வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்பவர், அந்நாட்டின் குடிவரவு ஆலோசகர் கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினராகவோ, அந்நாட்டு வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். தன் பெயரைப் பிரதிநிதி படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். ஈரோட்டுக்காரரிடம் அந்தப் படிவத்தைக் காட்டி, "இதில் உங்கள் பெயரைப் போடுங்கள், பிறகு பணம் பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக்கான காகித வேலையில் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கலைக்குழுக்களின் காகிதங்களைப் பார்த்து வருகிறேன். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடும் தரகரைவிட, பணமே வேண்டாம் என்று வரும் தரகரைக் கண்டுதான் நான் அதிகம் பயப்படுகிறேன். அவர் கேட்பது எளிமையாக இருக்கும்: "உங்கள் ஒன்பது பேருடன் என் ஆள்கள் இரண்டு பேரையும் ஜமாப் அடிப்பவர்கள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாச் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன்." அந்த இரண்டு பேருக்கும் குச்சியை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியாது. நிகழ்ச்சி முடிந்த இரவில் இருவரும் காணாமல் போவார்கள். திரும்பி வரும் குழுத் தலைவர்தான் காவல் நிலையத்துக்கும் தூதரகத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு பெரியவர், நாற்பது ஆண்டுகள் நோம்பி நோம்பியாக (கோயில் திருவிழாக்களில்) அடித்துச் சேர்த்த நல்ல பெயரை ஒரே பயணத்தில் இழந்ததை நான் நேரில் பார்த்தேன். அவருடைய குழுவில் உண்மையாகவே அடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அதற்குப் பிறகு விசா கிடைக்கவில்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் உங்கள் மேடையில் அடித்த கையாக இருக்கட்டும்.

அழைப்பு உண்மையானதா என்பதையும் சோதியுங்கள். கடிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சோதிப்பது சோதனையே அல்ல. அது தரகருடைய மைத்துனரின் எண்ணாகவும் இருக்கலாம். அந்நகரத்தில் வெளிநாட்டு இசையை மேடையேற்றும் இடங்கள் பெயர் பெற்றவை: ஏரிக்கரையில் இருக்கும் ஹார்பர்ஃப்ரண்ட் சென்டர், 2014இல் திறக்கப்பட்ட ஆகா கான் அருங்காட்சியகம், 2009இல் திறக்கப்பட்ட கோர்னர் ஹால், நம் மக்கள் அதிகமாக வாழும் ஸ்கார்பரோ பகுதியின் தெருவிழா மேடைகள். 2021 கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்பதால், பம்பை கேட்க வருபவர்கள் தமிழர்கள் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். இத்தகைய இடங்கள் தங்கள் கோடை நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தங்கள் இணையதளத்தில் வெளியிடும். உங்களை அழைத்தவரின் தளத்திலேயே இருக்கும் முகவரிக்கு எழுதி, உங்கள் குழுவின் பெயர் நிரலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அழைப்புக் கடிதத்தில் ஒன்பது பேரின் பெயர், பாஸ்போர்ட் எண், ஒவ்வொரு மேடையின் இடமும் தேதியும், கொடுக்கும் தொகை, விமானமும் தங்குமிடமும் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். "கலைச்சேவையைப் பாராட்டி அன்புடன் அழைக்கிறோம்" என்று பூப்போட்ட தாளில் வரும் கடிதத்தை வீட்டில் சட்டம் போட்டு மாட்டலாம். விசா வாங்க அது உதவாது.

இனி உண்மையான தடை எது என்று சொல்கிறேன். விசா அதிகாரியின் கேள்வி, "இவர்கள் திரும்பிப் போவார்களா?" என்பதுதான். அதற்கு அவர் கேட்பது சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, நிறுவனத்தின் விடுப்புக் கடிதம். வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கூலி வாங்குகிறவனிடம் சம்பளச் சீட்டு கேட்கும் படிவத்தை எழுதியவர், கம்பம் நட்ட மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார். நம் பக்கமும் குறை இருக்கிறது. 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தோம், கை தட்டினோம். ஆனால் ஒரு சாதாரணக் கும்மி ஆசிரியரோ ஜமாப் வாத்தியாரோ தன் தொழிலைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும் என்றால், இன்றும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. புலம்பிப் பயனில்லை, இருப்பதை வைத்துக் கட்டுவோம்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் அதுதான் முதல் சான்று. இல்லாதவர்கள் கோவையில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விசாரித்து இப்போதே விண்ணப்பியுங்கள். மாவட்டக் கலை மன்றம் வழங்கும் கலை நன்மணி, கலை வளர்மணி போன்ற விருதுச் சான்றுகள், கோயில் நோட்டீசுகளில் வந்த குழுவின் பெயர், நாளிதழ்ச் செய்தி, மேடைப் படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். நிலம் இருந்தால் பட்டாவும் சிட்டாவும், இல்லாவிட்டால் வீட்டு வரி ரசீதும் குடும்ப அட்டையும் சேர்க்கலாம். இவற்றைவிட வலுவான ஒன்று இருக்கிறது, அதை யாரும் சேர்ப்பதில்லை: திரும்பி வந்த பிறகு அடிக்க ஒப்புக்கொண்ட நோம்பிகள். கோயில் நிர்வாகத்தினர் கொடுத்த முன்பணத்துக்கு எழுதிய ஒப்பந்தம் ஒவ்வொன்றும், "இவர் இந்தத் தேதியில் இந்த ஊரில் இருந்தாக வேண்டும்" என்று சொல்லும் சாட்சி. வாய்ப்பேச்சாக இருந்தால் கோயில் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். தமிழில் இருக்கும் அத்தனைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் இணைக்கப்பட வேண்டும்.

வங்கிக் கணக்கில் திடீரென்று பணம் போட வேண்டாம். "ஷோ மணி" என்று சொல்லி, வட்டிக்கு 5,00,000 ரூபாயை ஒரு வாரத்துக்குக் கணக்கில் போட்டு எடுக்கும் வியாபாரம் நம் ஊர்களில் நன்றாகவே நடக்கிறது. பல மாதக் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த ஒரு வரவு தனியாகத் தெரியும். செலவை அழைத்தவர் ஏற்கிறார் என்று கடிதம் தெளிவாகச் சொல்லும்போது உங்கள் கணக்கில் 18,000 ரூபாய் இருந்தாலும், அது உங்களுடைய 18,000 ரூபாயாக இருப்பதே நல்லது.

உங்கள் குழுவில் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் இருந்தால், அவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கக்கூடும். வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அந்த அனுமதி வேண்டும்; கனடா அந்தப் பட்டியலில் இல்லை. இதற்கென்று தரகர் தனியாக எதுவும் கேட்டால் அதுவும் பொய்.

கூலி பற்றி ஒரு சொல். வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் தொகையில் 15 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக் கனடா அரசுக்குக் கட்டுவது அழைத்தவரின் கடமை. பிடித்ததற்கான டி4ஏ-என்ஆர் என்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சிறு தொகை பெறும் கலைஞர்களுக்கு இந்தப் பிடித்தத்திலிருந்து முன்கூட்டியே விலக்குக் கேட்கும் எளிய படிவமும் உண்டு; நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னரே அந்தப் படிவத்தைக் கொடுத்துவிடச் சொல்லி அழைத்தவரிடம் இப்போதே எழுதுங்கள். "அரசாங்கம் 30 விழுக்காடு பிடித்துவிட்டது" என்று இடையில் இருப்பவர் சொன்னால் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

வாத்தியங்களைப் பொறுத்தவரை, காவடியோ மயிலாட்ட உடையோ எடுத்துப் போவதாக இருந்தால் மயிற்பீலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அதை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டு போகத் தடை இருக்கிறது, செயற்கை இறகு போதும். உடும்புத் தோல் கட்டிய கஞ்சிரா இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஆட்டுத்தோல் கட்டிய பம்பையையும் உடுக்கையையும் அங்கே இறங்கியதும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் படம், எடை, மதிப்பு எழுதிய பட்டியல் ஒன்றைத் தயாரித்து, புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது சொந்தப் பம்பைக்கே தீர்வை கேட்கும் கூத்து நடக்காது. அந்தச் சான்றுக்கு வாத்தியங்களைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பெட்டிகளை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க மேசைக்குப் போய்விடுங்கள். வழக்கமான நேரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருங்கள்.