மாநகர் மன்றத்துக்கு வேட்புமனு எங்கே கொடுப்பது?

பினாங்கு மாநகர் மன்றத்துக்கு வேட்புமனு என்று ஒன்று கிடையாது, 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது. அதனால்தான் நீங்கள் எங்கே தேடியும் வேட்புமனுப் பாரம் கிடைக்கவில்லை. 1951-லேயே ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965-இல் நிறுத்தினார்கள், 1976 சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எனக்கு இது இன்றும் வேதனைதான்.

மக்கள் வாக்கில்தான் வர வேண்டும் என்றால் அடுத்தது சட்டமன்றம். வைப்புத்தொகை 5,000 ரிங்கிட், எட்டில் ஒரு பங்கு வாக்குகூட வராவிட்டால் போய்விடும்.

முதல் வேலையாக, உங்களை முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரின் அடையாள அட்டை எண்ணையும் தேர்தல் ஆணைய இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். இருவரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். நண்பர் ஒருவருக்கு நான் உதவியபோது, முன்மொழிய வந்தவர் பட்டர்வொர்த்துக்கு வீடு மாறி ஐந்து வருடம் ஆகியிருந்தது, ஆனால் வாக்கு இன்னும் ஆயர் ஈத்தாமில், நண்பர் நின்ற தொகுதியில் இல்லை. நல்லவேளை, முன்கூட்டியே பார்த்தோம். வேட்புமனுத் தாக்கல் நாளில் மனு வாங்குவது காலை 9 முதல் 10 வரை மட்டும்தான், அந்த ஒரு மணி நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது?

ஒன்று, சட்டமன்றத்துக்கு நிற்க நீங்கள் பினாங்கிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும். கோலாலம்பூரில் வேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.