அரிசி இருந்தது, கயிறு இல்லை

"குறைந்த வருமானத்தில் ஒரு குடும்பம் அவசர காலத்துக்கு உணவும் சாமான்களும் எப்படிச் சேர்த்து வைப்பது?" என்பது கேள்வி. கேட்டவர் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறேன். அப்படியானால் மழை பெய்தாலும் ஒன்றாம் தேதி காசு வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. குமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் நடுவே உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்காரருக்கு ரப்பர் பால் வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. இங்கே வருடத்தில் இரண்டு மழைக்காலம், ஜூன் ஜூலையில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. அதனால் சேர்த்து வைப்பது எனக்குப் புயலைப் பார்த்துப் பயந்து வந்த பழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த வருடமே வயிற்றுப்பாட்டுக்காகப் பழகியது.

அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் 2017 நவம்பர் 30ஆம் தேதி, ஓகி புயல் அன்று, நான் சேர்த்தது எவ்வளவு அரைகுறை என்று தெரிந்துபோனது. உங்களுக்கு உபயோகப்படப் போவது அதுதான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முந்தின ராத்திரியே மழை பிடித்துவிட்டது. விடிந்ததும் காற்று. ரப்பர் மரம் நடுவில் முறியும்போது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாலும் ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு சத்தம். நாற்பது வரை எண்ணிவிட்டு மாமனார் நிறுத்திவிட்டார். மத்தியானம் வெளியே வந்து பார்த்தால் ரோட்டையே காணோம், மரமாகக் கிடந்தது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்திருந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 12 நாள் ஆனது.

வீட்டில் சம்பா அரிசி 25 கிலோ இருந்தது. ரேஷன் அரிசி அரைச் சாக்கு, சிறுபயறு மூன்று கிலோ, பானையில் நெத்திலிக் கருவாடு, ஜாடியில் உப்பு மாங்காய், கட்டிலுக்கடியில் உரிக்காத தேங்காய் முப்பதுக்கு மேல். கஞ்சியும் பயறுமாக ஒரு மாதம் ஓட்டலாம். ஆனால் அந்த அரிசியைக் கழுவத் தண்ணீர் இல்லை.

கிணறு இருந்தது, தண்ணீரும் ஊறியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு மோட்டார் வைத்தபோது கப்பியைக் கழற்றிவிட்டு மேலே இரும்பு வலை போட்டிருந்தோம். கயிறு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தோம், அது எட்டவில்லை. என் பழைய சேலை ஒன்றை முறுக்கி அதோடு கட்டி, பெயிண்ட் வாளியை இறக்கினோம். கிணற்று விளிம்பில் உரசி உரசி இரண்டாம் நாள் சேலை அறுந்து, வாளியும் போய்விட்டது. அப்புறம் மூன்றாம் வீட்டுப் பாட்டி கூப்பிட்டார். அவர் கிணற்றில் கப்பியும் கயிறும் அப்படியே இருந்தன. "கயிறு இங்க கெடக்கு மக்களே, எப்ப வேணும்னாலும் வந்து கோரிக்கோ" என்றார். பத்து நாள் அந்த வீட்டில் இருந்துதான் குடம் சுமந்தோம். அவர் இப்போது இல்லை. அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

இரண்டாவது, மாத்திரை. மாமனாருக்குப் பிரஷரும் சர்க்கரையும் உண்டு. அட்டையில் நாலு நாளைக்குத்தான் மிச்சம் இருந்தது. அவர் மகன் விழுந்து கிடந்த மரங்களை ஏறி இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்து போனார். மருந்துக்கடை பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தது. கையில் இருந்தது ஒரே 500 ரூபாய்த் தாள், கடையில் சில்லறை இல்லை. கரண்ட் இல்லாமல் ஏடிஎம்மும் ஓடவில்லை. மிச்சத்துக்குத் தேவையில்லாததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாவதை எழுதலாமா என்று யோசித்தேன். மகளுக்கு அப்போது 13 வயது. அந்த வாரம்தான் அவளுக்குத் தேதி. வீட்டில் இருந்தது இரண்டே நாப்கின். நான் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். துவைக்கவும் தண்ணீர் வேண்டுமே, அவள் அழுதாள். அவசரத்துக்கு எடுத்துவைக்க வேண்டியது என்று ஆட்கள் போடும் பட்டியல்களில் டார்ச் இருக்கும், பிஸ்கட் இருக்கும். இது இருந்து நான் பார்த்ததில்லை. பெண்பிள்ளை இருக்கும் வீடு என்றால் முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தவறாக நினைக்க வேண்டாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் அந்தப் புயலில் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அந்தத் துயரத்தின் பக்கத்தில் வைத்து என் வாளியையும் கயிற்றையும் பேச வரவில்லை. கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அந்த வருடம் நகையை வைத்துக் கடன் வாங்கி, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த நிலத்தில் 300 மூடு ஏத்தன் (நேந்திரம்) வாழை வைத்திருந்தோம். ஒன்றுகூட நிற்கவில்லை. குலை முற்ற இன்னும் ஒரு மாதம் இருந்தது. விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. தெருவில் எல்லா வீட்டிலும் பத்து நாள் பிஞ்சு ஏத்தங்காய்தான், பயறு போட்டு அவித்தோம். பிறகு கணக்கெடுக்க வந்தார்கள். பட்டாவில் யார் பெயரோ அவருக்குத்தான் நிவாரணம் என்றார்கள். நட்டவர்கள் நாங்கள், கடன்பட்டவர்கள் நாங்கள், நிலத்துக்காரர் வெளியூரில். அவர் பணத்தை எங்களுக்குத் தரவில்லை. நகையைத் திருப்ப நாலு வருடம் ஆனது. நிலம் இல்லாமல் விவசாயம் செய்கிறவனை எந்தக் காகிதத்திலும் பார்க்க முடியவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, செலவுக்கு வருகிறேன்.

மாதம் 200 ரூபாய் ஒதுக்குகிறேன், அதற்கு மேல் இல்லை. மொத்தமாக வாங்குவதில்லை. வழக்கமாக வாங்கும் சாமானில் ஏதாவது ஒன்றை மட்டும் ஒரு பங்கு கூட வாங்குவேன். ஒரு மாதம் பயறு, அடுத்த மாதம் எண்ணெய், அதற்கடுத்து கருப்பட்டி. ஐந்து பேருக்கு, கிழங்கோ ஏத்தங்காயோ கூட இருந்தால், நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி போதும். இருபது கிலோ இருந்தால் இரண்டு வாரம் தாண்டும். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பும் எண்ணெயும் வரும் மாதத்தில் தவறாமல் வாங்கினாலே அந்த 200க்குள் நிறைய அடங்கும். ரேஷன் அரிசி சாப்பிட மாட்டோம் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நாங்கள் சாப்பிடுகிறோம்.

மூன்று மாதத்துக்கு, ஆறு மாதத்துக்கு என்று அடுக்கி வைக்கச் சொல்கிறவர்கள் எங்கள் ஊர் ஈரத்தைப் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். சாக்கில் வைத்த அரிசி வண்டு விழுந்து பூஞ்சை வாடை அடித்துவிடும். பங்குனி வெயிலில் டிரம்மை நன்றாகக் காயவைத்து, அரிசியோடு வற்றல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும் போட்டு இறுக்கி மூடுவேன். பழசை முதலில் எடுத்துச் சமைத்துவிட்டுப் புதிதை உள்ளே போடுவேன். இரண்டு மாதத்துக்கு மேல் அரிசியைக் கிடக்க விடுவதில்லை. கருவாடும் அந்த வெயிலிலேயே வாங்கிக் காயவைத்தால்தான் உண்டு. ஜூன், ஜூலையில் மேற்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை, விலை ஏறிவிடும்.

கேஸ் ஒரே சிலிண்டர்தான். அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே சிரட்டை, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை), ரப்பர் விறகு மூன்றையும் கொட்டகையில் ஏற்றி ஷீட் போட்டு மூடிவிடுவேன். மழை தொடங்கிய பிறகு நனைந்த விறகை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. புயலுக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கித் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதிலிருந்து தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஐந்தாவது வைத்திருப்பேன். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

இதைப் பதுக்கல் என்று சொன்னவர்களும் உண்டு. பதுக்கல் என்பது சாமான் தட்டுப்பாடான நேரத்தில் ஓடிப்போய் அள்ளுவது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த அன்று ராத்திரி கடை வாசலில் நின்ற கூட்டத்தில் நான் இல்லை. எனக்கு அன்று வாங்க ஒன்றும் இல்லாததால் அந்த ஒரு பங்கு வேறு யாருக்கோ கிடைத்திருக்கும். என்னைப் பேசிய வீட்டுக்கும் அந்த ஏப்ரலில் பயறு அளந்து கொடுத்தேன். திரும்பக் கேட்கவில்லை.

உங்களுக்கு இந்த மாதம் 200 ரூபாய்தான் மிஞ்சும் என்றால் அரிசியில் தொடங்காதீர்கள், அரிசி எப்படியும் வீட்டில் கொஞ்சம் இருக்கும். பெரியவர்கள் மாத்திரை சாப்பிட்டால் பத்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி, டாக்டர் சீட்டையும் அதோடு வையுங்கள். கிணறு இருந்தால் கயிறும் வாளியும், இல்லாவிட்டால் மூடியுள்ள இரண்டு குடம். அடுத்த மாதம் நாப்கின், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. பத்தும் இருபதுமாகச் சில்லறை நோட்டு ஒரு டப்பாவில் சேரட்டும், நான் 1,500 வரை வைத்திருக்கிறேன். பவர் பேங்க், இன்வெர்ட்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.