மாரடைப்பில் செத்த தசை மறுபடி வளருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு அட்டாக் வந்து 2 மாதமாகிறது. இதயத் தசை தானாக வளருமா? (திண்டுக்கல்)

வளரும், ஆனால் உதவாத அளவுக்கு. 2009-இல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசென் குழு, செல்லின் வயதைக் காட்டும் கார்பன்-14 வைத்துக் கணக்கிட்டது: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத செல் புதிதாகிறது, 75-இல் அதில் பாதி. பெரிய அட்டாக் என்றால் சில மணி நேரத்திலேயே 100 கோடி செல் வரை போய்விடும். அந்த இடத்தில் வருவது தழும்பு.

இ.எஃப். (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 35 இருந்தது, இப்போது 48. தசை வளர்ந்துவிட்டதுதானே? மாத்திரையை விடலாமா? (நாகர்கோவில்)

இல்லை. சாகாமல் மயங்கிக் கிடந்த தசை விழித்திருக்கிறது. மாத்திரையை விடாதீர்கள்.

மீனுக்கு இதயம் முளைக்குமாமே? (சேலம்)

ஜீப்ரா மீனுக்கு முளைக்கும். கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் 2 மாதத்தில் சரியாகிவிடும். எலிக்குட்டிக்கும் அந்தத் திறன் உண்டு, பிறந்த ஒரு வாரத்தில் போய்விடும்.

ஸ்டெம் செல் ஊசிக்கு 4 லட்சம் கேட்கிறார்கள். போடலாமா? (ஈரோடு)

வேண்டாம். ஸ்டெம் செல் என்பது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூலச் செல். எலும்பு மஜ்ஜையில் உள்ள அந்தச் செல் இதயத் தசையாக மாறும் என்று 2001-இல் அமெரிக்காவில் பியரோ அன்வெர்சா குழு எலியில் காட்டியது. 2004-இல் மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அப்படி மாறவில்லை. 2018-இல் அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி, அவர் பிறகு வேலை பார்த்த ஹார்வர்டே சொன்னது. அந்த நம்பிக்கையைத்தான் இன்னும் விற்கிறார்கள். நம் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைப்படி இதயத்துக்கு ஸ்டெம் செல் என்பது ஆய்வுக்குள் மட்டும்தான். ஆய்வில் சேர்பவரிடம் காசு வாங்கக்கூடாது. காசு கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு லாரி ஓட்டுநர் மனைவியின் நகையை அடகு வைத்து இந்த ஊசி போட்டுக்கொண்டார். "இனி மாத்திரை எதற்கு?" என்றார்களாம். நாலாம் மாதம் என்னிடம் வந்தார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன், எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பழைய மாத்திரைகளை மறுபடி தொடங்கித்தான் மூச்சு வாங்குவது குறைந்தது. போன பணம் போனதுதான். மறுபடி சொல்கிறேன், மாத்திரையை விடாதீர்கள்.

ஹார்ட் வீக். என்ன சாப்பிட்டால் தசை வளரும்? (ஊர் எழுதவில்லை)

வயது இல்லை, எக்கோ இல்லை, மாத்திரைப் பெயர் இல்லை. ரிப்போர்ட்டோடு எழுதுங்கள். தசையை வளர்க்கும் உணவு எதுவும் கிடையாது.

ஜப்பானில் ஒட்டு போடுகிறார்களாமே? (மதுரை)

ஆமாம். ஐ.பி.எஸ். செல்லில் (தோல், ரத்தம் போன்ற சாதாரண செல்லை மாற்றி எடுக்கும் ஸ்டெம் செல்) வளர்த்த தசைத் தாளை 2020-இல் ஒசாகாவில் முதல் நோயாளிக்கு ஒட்டினார்கள். ஜெர்மனியிலும் நடக்கிறது. நல்ல முயற்சி, நானும் ஆவலோடு கவனிக்கிறேன். புதுத் தசை பழைய தசையோடு தாளம் தப்பாமல் துடிக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

இரவு 11 மணிக்கு வலி. கேஸ் என்று சோடா குடித்துவிட்டுக் காலையில் போனோம். போன தசையை மீட்க முடியுமா? (கடலூர்)

முடியாது. அதில் பெரும்பகுதி அந்த இரவிலேயே செத்துவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்: மாத்திரை, உப்புக் குறைப்பு, மருத்துவர் சொல்லும் அளவு நடை. மறுபடி வலி வந்தால் உடனே 108.