மருத்துவர் மீது நம்பிக்கை தளர்ந்தபின் நாய்க்குக் கருத்தடை செய்யலாமா?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் முன்பு இருந்த பெட்டை நாய்க்கு 4 வயதில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தோம். அன்று மாலை, மயக்கம் முழுதாகத் தெளியாத நிலையிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள், விடிவதற்குள் இறந்துவிட்டது. “இதயம் பலவீனமாக இருந்திருக்கும்” என்பதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை. இப்போது 20 மாத வயதும் 18 கிலோ எடையும் உள்ள கலப்பினப் பெட்டை நாய் ஒன்றை வளர்க்கிறோம். இரண்டு முறை ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வந்து போய்விட்டது. நாங்கள் கேட்ட இரு மருத்துவர்களில் ஒருவர், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டும், தாமதித்துவிட்டீர்கள் என்கிறார். மற்றவர், ஒரு முறையாவது குட்டி போட்ட பிறகு செய்தால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார். யாரை நம்புவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் யாரையுமே நம்பத் தோன்றவில்லை. வெளியே விடாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்று இருந்துவிடலாமா?

பதில்: இரு மருத்துவர்களின் சண்டையை முதலில் தீர்த்துவிடுவோம். குட்டி போட்ட பிறகு செய்வதே நல்லது என்ற கருத்துக்கு மருத்துவ அடிப்படை கிடையாது. அது நெடுங்காலமாகக் கைமாறி வந்த ஒரு நம்பிக்கை. முதல் ஹீட்டுக்கு முன்பே செய்ய வேண்டும் என்பதற்கு அடிப்படை உண்டு என்றாலும், சொல்லப்படுகிற அளவுக்கு அது உறுதியானதன்று. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஹீட்டுக்கு முன் கருத்தடை செய்த நாய்களுக்குப் பால்மடிக் கட்டி வரும் ஆபத்து, செய்யாத நாய்களுக்கு உள்ள ஆபத்தில் 0.5 சதவீதம்தான் என்றும், ஒரு ஹீட்டுக்குப் பின் செய்தால் 8 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ ஆனபின் செய்தால் 26 சதவீதம் என்றும் கணக்கிட்டது. இன்றும் மருத்துவர்கள் எடுத்துச் சொல்லும் எண்கள் இவைதான். ஆனால் 2012இல் இவ்வகை ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தவர்கள், சான்று வலுவானதாக இல்லை என்றே முடிவு கூறினார்கள். எப்படியிருப்பினும் உங்கள் நாய் இரண்டு ஹீட்டைக் கடந்துவிட்டதால், அந்த வகையில் கிடைக்கக்கூடிய பயனில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. அதனால் இந்த மாதமே செய்தாக வேண்டும் என்று யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அதற்கு நீங்கள் பணியத் தேவையில்லை.

இறந்த நாயைப் பற்றி: காரணம் இன்னதென்று இங்கிருந்தபடி என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் அறுவை முடிந்த இரவில் ஒரு நாய் இறக்கிறது என்றால், எங்கள் தொழிலில் உள்ளவர்கள் முதலில் நினைப்பது இரண்டைத்தான். சினைப்பையின் இரத்தக் குழாயில் போட்ட கட்டு நழுவி, வெளியே ஒரு துளியும் தெரியாமல் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். அல்லது மயக்கம் தெளியும் நேரத்தில் உடல் குளிர்ந்து, மூச்சு மந்தமாகி, பக்கத்தில் யாரும் கவனிக்காமல் போயிருக்கலாம். 2008இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வொன்றில், உடல்நலமுள்ள நாய்களில் மயக்க மருந்து தொடர்பான இறப்பு ஏறத்தாழ 0.05 சதவீதமாக, அதாவது 2,000 நாய்களுக்கு ஒன்றாக இருந்தது. நோயுற்ற நாய்களில் அது 1 சதவீதத்தைத் தாண்டியது. இறந்த நாய்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அறுவை முடிந்த பின்னரே இறந்தன. அதிலும் முதல் மூன்று மணி நேரம்தான் மிகவும் ஆபத்தானதாக இருந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் நாய் வீடு திரும்பும் வழியில் இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. அதை வெறும் பயம் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை.

இருந்தும், ‘செய்யாமலே இருந்துவிடலாமா’ என்ற கேள்விக்கு நான் தயங்குகிறேன். தயக்கத்துக்குக் காரணம் குட்டிகள் அல்ல. கதவைச் சாத்தி, ஹீட் நடக்கும் மூன்று வாரமும் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொள்ளும் வீடுகளில் குட்டிகளைத் தவிர்க்க முடியும். தவிர்க்க முடியாதது கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய். பயோமெட்ரா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும், சினையானாலும் ஆகாவிட்டாலும், நாயின் உடலில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் இரண்டு மாதம் வரை உயர்ந்தே இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அதன் விளைவாகக் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. அதில் கிருமி புகுந்தால் சீழாகத் தேங்குகிறது. கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாக இருந்த ஸ்வீடனில் நடந்த ஆய்வுகள், 10 வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டை நாய்க்கு இந்த நோய் வருவதாகக் காட்டின. இதற்கு முதன்மையான சிகிச்சை அந்தக் கருப்பையை நீக்குவதே. அப்போது வேண்டியிருப்பதும், கருத்தடைக்காகச் சினைப்பையையும் கருப்பையையும் எடுக்கும் அதே அறுவைதான். ஆனால் நாய்க்கு வயது கூடியிருக்கும், இரத்தத்தில் நச்சு ஏறியிருக்கும், சிறுநீரகம் சோர்ந்திருக்கும், கருப்பை தொட்டால் கிழியும் அளவுக்கு வீங்கியிருக்கும். அந்த இரவில் யார் கதவு திறந்திருக்கிறதோ அவரிடம்தான் நீங்கள் போயாக வேண்டும். மருத்துவரைத் தவிர்ப்பதற்காக அறுவையைத் தவிர்க்கும் ஒருவர், தேடித் தேர்ந்தெடுக்க அவகாசம் இருந்த நாளை விட்டுவிட்டு, அவகாசமே இல்லாத நாளில் அதே வாசலில் நிற்க நேரிடலாம். என் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கருத்தடைக்குப் பின் சில பெட்டை நாய்களுக்கு, குறிப்பாக 20 கிலோவுக்கு மேற்பட்ட உடல்வாகு கொண்டவற்றுக்கு, தூக்கத்தில் சிறுநீர் கசியும் தொல்லை பின்னாளில் வருவதுண்டு; பெரும்பாலும் மருந்தில் கட்டுப்படும். உணவுத் தேவை ஏறத்தாழக் கால் பங்கு குறையும் என்பதால், பழைய அளவிலேயே உணவிட்டால் எடை ஏறும். கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதாக 2013 முதல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; 20 மாதத்தில் வளர்ச்சி முடிந்துவிட்ட உங்கள் நாய்க்கு அந்தக் கவலை பொருந்தாது.

ஆகவே செய்யலாம் என்பதே என் கருத்து. ஆனால் ஆளைப் பார்த்த பிறகு. ஆளை எப்படிப் பார்ப்பது? மருத்துவமனையின் தரையும் கண்ணாடிக் கதவும் பளபளப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குட்டி போட்டபின் செய்யலாம் என்று பழைய பழக்கத்தில் சொன்னவரை அந்தப் பேச்சுக்காக மட்டும் ஒதுக்கவும் வேண்டாம்; வாயில் பழைய பாடமும் கையில் நல்ல திறமையும் உள்ளவர்களை எனக்குத் தெரியும். நாள் குறிப்பதற்கு முன், நாயைப் பரிசோதிப்பதற்காக மட்டும் ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எனவே தராசில் ஏற்றி எடை பார்க்கிறாரா, கண்ணால் பார்த்தே “இருபது கிலோ இருக்கும்” என்கிறாரா என்று கவனியுங்கள். இதயத்தையும் நுரையீரலையும் ஸ்டெதஸ்கோப் வைத்து நிதானமாகக் கேட்கிறாரா, ஈறின் நிறத்தைப் பார்க்கிறாரா, இரத்தப் பரிசோதனை பற்றி அவராகவே பேச்செடுக்கிறாரா என்பதும் முக்கியம். நாய்க்கு உண்ணித் தொல்லை இருந்திருந்தால் இதை நீங்களே கேட்க வேண்டும்; உண்ணி பரப்பும் காய்ச்சல்களில் சில, இரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களைக் குறைத்துவிடும், நாயோ வெளிப்பார்வைக்கு நன்றாகவே ஓடியாடிக்கொண்டிருக்கும்.

பிறகு நேராகக் கேளுங்கள். நரம்பில் ஊசிக்குழாய் போட்டு, அறுவை முடியும் வரை அதை எடுக்காமல் வைப்பீர்களா? மூச்சுக்குழாயில் குழாய் செருகுவீர்களா? நீங்கள் வயிற்றுக்குள் கை வைத்திருக்கும்போது நாயின் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? ஒவ்வொரு நாய்க்கும் தனியாகக் கிருமி நீக்கிய கருவிகள்தானா? வலிக்கு என்ன மருந்து, எத்தனை நாள்? எழுந்து நடக்கும் வரை இங்கேயே வைத்திருப்பீர்களா, இரவில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது? இவற்றில் என் கண்ணுக்கு மிகப் பெரியது, மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்பதுதான். வாயு மயக்கம் சிறந்ததா, ஊசி மயக்கம் போதுமா என்று பலர் வாதாடுகிறார்கள். வாயு இருப்பது நல்லதே. ஆனால் கவனிக்க ஆளில்லாத வாயு மயக்கத்தைவிட, கண் எடுக்காமல் ஒருவர் நிற்கும் ஊசி மயக்கத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். கேள்வி கேட்டதற்கே எரிச்சல்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வசதி இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொள்பவரிடம் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்து பேசலாம். எத்தனை பெட்டை நாய்களுக்கு இந்த அறுவையைச் செய்திருக்கிறார் என்றும் தயங்காமல் கேட்கலாம். தினமும் பல நாய்களுக்குச் செய்து பழகியவர்களின் கை பெரும்பாலும் வேகமானது, அவர்கள் போடும் வெட்டும் சிறியது.

நாள் குறிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஹீட் சமயத்தில் இரத்தக் குழாய்கள் பெருத்திருப்பதால் இரத்தக் கசிவு கூடும். ஆகையால் கடைசி ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் சென்றபின் செய்வது நல்லது. அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த ஹீட்டிலிருந்து குறித்து வையுங்கள். காத்திருக்கும் காலத்தில், ஹீட் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பின்புறம் சீழ் போல வடிந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வடியாமல் உள்ளேயே தேங்கும் வகைதான் கூடுதல் ஆபத்தானது என்பதால், வடியவில்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்.

அறுவை நடந்த இரவில் நாயின் அருகில் படுத்துக்கொள்ளுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெள்ளைத் தாளைப் போல் வெளுத்திருந்தாலும், வயிறு உப்பிக்கொண்டே வந்தாலும், கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு. தையலை நக்காமல் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டி, தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, துள்ளவும் ஓடவும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடைய 2 வயது ஆண் நாய் விருந்தினரைக் கண்டால் உறுமுகிறது, ஒரு முறை கடிக்கவும் பாய்ந்தது. காயடித்தால் சாதுவாகிவிடும் என்கிறார்கள். அதற்கு ஒரு விரைதான் கீழே இறங்கியிருக்கிறது. இது எளிய அறுவை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று மருத்துவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: ஊர் சுற்றுவது, கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பது, மேலேறுவது ஆகியவை விரை நீக்கத்தால் பல நாய்களில் குறையும். புதியவரைக் கண்டு உறுமுவது பெரும்பாலும் அச்சத்தால் வருவது. அது இதனால் தீராது, சில நாய்களில் கூடவும் செய்யலாம். பழக்கும் முறையால்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு விரையும் இறங்கிய, கட்டுக்குள் இருக்கும் ஆண் நாயாக இருந்தால், நல்ல மருத்துவர் கிடைக்கும் வரை காத்திருங்கள் என்று உங்களிடம் தயங்காமல் சொல்லியிருப்பேன். ஆனால் இறங்காத விரையில் புற்றுக்கட்டி தோன்றும் ஆபத்து பல மடங்கு அதிகம். குறை பரம்பரையாகத் தொடர்வது என்பதால் அந்த நாயை இனச்சேர்க்கைக்கு விடவும் கூடாது. இரண்டு விரையையும் எடுத்தாக வேண்டும். இங்கேதான் ‘எளிய அறுவை’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. இறங்காத விரை தொடை இடுக்கின் தோலுக்கடியில் இருந்தால் எளிதுதான். வயிற்றுக்குள் இருந்தால் வயிற்றைத் திறந்து தேட வேண்டிய வேலை. “அது எங்கே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேளுங்கள். கையால் தடவிப் பார்த்தோ ஸ்கேன் செய்தோ இடத்தைச் சொன்னால் தொடருங்கள்; “திறந்தால் தெரியும்” என்றால் வேறொருவரைப் பாருங்கள். அறுவைக்குப் பின்னும் சில வாரங்களுக்கு விந்துக் குழாயில் மிச்சம் இருக்கும். ஆறு வாரம் வரையாவது பெட்டை நாய்களிடமிருந்து விலக்கி வையுங்கள்.

கேள்வி: அறுவைக்குப் பயமாக இருப்பதால், ஹீட் வராமல் தடுக்கும் ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பெட்டை நாய்க்கு வேண்டாம். அந்த ஊசிகளில் இருப்பது புரோஜெஸ்டிரானைப் போன்ற ஹார்மோன். முதல் பதிலில் நான் சொன்ன கருப்பைச் சீழுக்கே அது வழி திறந்துவிடும். பால்மடிக் கட்டியும் நீரிழிவும் அதனால் வரக்கூடியவை. ஆண் நாய்க்கென்றால், தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற சிறு குச்சி மருந்து சில நாடுகளில் கிடைக்கிறது. மருந்தின் அளவைப் பொறுத்து அது 6 மாதமோ 12 மாதமோ வேலை செய்யும், அதன் பிறகு இனப்பெருக்கத் திறன் திரும்பிவிடும். வைத்தவுடனே பலன் தராது, சில வாரங்கள் பிடிக்கும். வைத்த தேதியையும் அளவையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலம் முடிந்தது நினைவில்லாமல் போய், பக்கத்து வீட்டுப் பெட்டை நாய் சினையான பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.